பன்னிரண்டு சல்யூட்

நான் ரக்பி விளையாடிச் சம்பளம் வாங்கியவன். சொன்னால் யாரும் நம்புவதில்லை. பெங்களூர் ஜோகுபாளையத்தில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு ரக்பி என்றால் என்னவென்று தெரியாது. மீதிப் பேருக்கு என்னைத் தெரியும், அதனால் நம்புவதில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவன், கடையில் தன் முறை வந்த பிறகும் வாய் திறக்காமல் நிற்பவன், இவனைக் கூட்டிப்போய்ச் சம்பளம் கொடுத்து விளையாட வைக்க எவனுக்குப் பைத்தியம் என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அப்படியும் ஒருவர் இருந்தார். அவரைப் பற்றி மரியாதையாக எழுத முயன்று பார்த்தேன். வரவில்லை.

அவர் ஒரு செக்யூரிட்டி ஏஜென்சியின் முதலாளி. மூன்று தலைமுறைக்கு முன்னால் சர்க்கார் உத்தியோகத்துக்கு வந்து பெங்களூரிலேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். வீட்டில் கன்னடமும் இங்கிலீஷும் பேசுவார்கள். தமிழை எங்களைத் திட்டுவதற்காக வைத்திருந்தார். சின்ன வயதில் வெளிநாட்டில் படித்தபோது பதின்மூன்று பேர் ஆடும் ரக்பியைப் பார்த்திருக்கிறார். பார்த்ததோடு சரி, ஆடியதில்லை. ஆபீஸ் சுவரில் ஒரு போட்டோ மாட்டியிருந்தது. தலையோடு கால் சேறு அப்பிய ஆட்கள் வரிசையாக நிற்க, ஓரத்தில் மடிப்புக் கலையாத கோட்டோடு இவர். அந்தப் போட்டோவைக் காட்டி “எங்க டீம்” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். கோட்டில் ஏன் ஒரு சொட்டுச் சேறு இல்லை என்று யாரும் கேட்டதில்லை. கேட்கிற இடத்தில் இருந்தவர்கள் எல்லாம் அவரிடம் சம்பளம் வாங்குகிறவர்கள்.

மற்ற ஏஜென்சிக்காரர்கள் நாய் வைத்திருந்தார்கள். இவர் எங்களை வைத்திருந்தார். கார்டு வேலைக்கு வந்தவர்களில் ஓடக்கூடிய ஆட்களைப் பொறுக்கி ஒரு ரக்பி டீம் சேர்த்தார். ஏஜென்சி பெயரைப் பெரிதாகப் போட்டு, கீழே ‘ப்ரொஃபெஷனல் ரக்பி’ என்று பேனர் அடித்தார். கம்பெனிகளுக்குப் போய் கார்டு ஒப்பந்தம் கேட்கும்போது அந்தப் பேனர் முன்னால் நாங்கள் நிற்கும் படத்தைக் காட்டுவார். உங்கள் கேட்டில் நிற்கப்போவது இப்பேர்ப்பட்ட ஆட்கள் என்று அர்த்தம். கேட்டில் நின்றது வேறு ஆட்கள். பாதிப் பேருக்கு மூட்டு வலி.

நான் டீமுக்கு வருவதற்கு முன் அந்த மூட்டு வலிக்காரர்களோடுதான் இருந்தேன். அதற்கும் முன்னால் மார்க்கெட்டில் லாரி இறக்கினேன். தர்ப்பூசணி லாரி. மேலே இருப்பவன் வீசுவான், கீழே இருப்பவன் பிடித்து அடுத்தவனுக்கு வீச வேண்டும். முதுகு போன பிறகு, நிற்கிற வேலைதானே என்று ஏஜென்சிக்கு வந்தேன். பிரேசர் டவுனில் ஒரு அபார்ட்மெண்ட் கேட்டில் போட்டார்கள். வருகிறவர்களை நிறுத்தி, யாரைப் பார்க்க வேண்டும், எந்த வீடு என்று கேட்க வேண்டும். எனக்கு அது வரவே வராது. முன்பின் தெரியாத ஒருவரின் முகத்தைப் பார்த்ததும் நாக்கு அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். அவர்கள் என்னைத் தாண்டிப் போன பிறகுதான் வார்த்தை வரும். ஒருநாள் மாடி வீட்டு அம்மாள் ஒருத்தி இறங்கி வந்து, “நீ ஆளா பொம்மையா?” என்று கேட்டாள்.

எங்கள் ஃபீல்ட் ஆபீசர் லிங்கராஜபுரத்துக்காரர். ஸ்கூட்டரில் கேட் கேட்டாகச் சுற்றி வந்து கார்டுகளைத் திட்டுவதுதான் அவர் வேலை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்தும் திட்டுவார்.

“உன்ன நிறுத்துறதுக்கு இங்க ஒரு போர்ட நிறுத்தலாம்டா. அதுவாவது ‘நோ பார்க்கிங்’னு பேசும்” என்றார் என்னைப் பார்த்து.

டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் அவரே என் பெயரைக் கொடுத்தார். என் மேல் இருந்த அன்பினால் இல்லை. கேட்டைவிட்டு என்னைத் தூக்குவதற்கு ஒரு வழி கிடைத்தது.

லிங்கராஜபுரம் பக்கம் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் தேர்வு வைத்தார்கள். பந்து முட்டை வடிவில் இருந்தது. முதலாளி அதைக் காலால் உயரமாக அடிக்கச் சொன்னார். மற்றவர்கள் எல்லாம் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள், கையை நீட்டிக்கொண்டு போய் விரலில் அடி வாங்கினார்கள். நான் லாரிக்குக் கீழே நிற்பது மாதிரி நின்று வயிற்றோடு சேர்த்து அணைத்தேன். நின்றது. அதைப் பார்த்து என்னை எடுத்தார்கள் என்று நினைத்தால் நீங்கள் முதலாளியைப் புரிந்துகொள்ளவில்லை. அவர் அந்த நேரம் போனில் இருந்தார். திரும்பி, “இவங்கள்ல யாரோடயும் பேசாம ஒதுங்கி நிக்கற ஆள் எவன்டா? அவன பின்னாடி தனியா போடு. ஃபுல்பேக்” என்றார். எல்லோரும் என்னைக் காட்டினார்கள். என் தொழில் வாழ்க்கை இப்படித்தான் ஆரம்பித்தது.

அந்த ஆட்டம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். பந்தைக் கையில் வைத்திருப்பவன் ஓடுவான், எதிராளி அவனைக் கட்டிப்பிடித்துத் தள்ளுவான். விழுந்தவன் எழுந்து பந்தைக் காலால் பின்னுக்கு உருட்டிவிட வேண்டும், அவன் ஆள் ஒருவன் பின்னால் நின்று எடுத்துக்கொள்வான். இப்படி ஆறு தடவை விழலாம். அதற்குள் எதிர்க்கோட்டுக்குப் பின்னால் பந்தைத் தரையில் அழுத்திவிட்டால் பாயிண்ட். இல்லையென்றால் பந்து அடுத்தவனுக்குப் போய்விடும். அதனால் ஆறாவது தடவைக்கு முன்னால் பந்தை வானத்துக்கு உதைத்துவிட்டு அதன் பின்னாலேயே ஓடிவருவார்கள். தடுக்கிற பக்கம் பன்னிரண்டு பேர் முன்னால் வரிசையாக நிற்பார்கள். ஒருவன் மட்டும் வெகுதூரம் பின்னால் தனியாக நிற்பான். வானத்திலிருந்து விழும் பந்தைப் பிடிப்பது அவன் பொறுப்பு. அவன்தான் ஃபுல்பேக். அவனுக்கு ஒன்றாம் எண் சட்டை.

மைதானத்திலேயே அதிகம் கத்த வேண்டியவனும் அவன்தான். முன்வரிசையில் எங்கே இடைவெளி விழுகிறது என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும். இடது பக்கம் நகரு, வலது பக்கம் ஆள் குறைவு, ஏறு, நில் என்று ஆட்டம் முழுக்கத் தொண்டை கிழியக் கத்த வேண்டும். முதலாளிக்கு இது தெரியாது. பேசாத ஆளைத் தேடிப் பிடித்து அந்த இடத்தில் போட்டார். ஆனால் எனக்கே ஆச்சரியமாக, எனக்கு அது வந்தது. முன்னால் நிற்கும் பன்னிரண்டு பேரும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். முகத்தைப் பார்த்துப் பேச வராத எனக்கு முதுகைப் பார்த்துக் கத்த வந்தது. தமிழில்தான் கத்தினேன். டீமில் பெரும்பாலும் ஒரிசா, அஸ்ஸாம், நேபாளம் பக்கத்துப் பையன்கள். ஒரு மாதத்தில் எல்லோருக்கும் ‘ஓட்டை’ என்றால் என்னவென்று தெரிந்துவிட்டது. எங்கள் கேப்டன் ஒரிசாக்காரன். மான் மாதிரி ஓடுவான். ஆட்டம் முடிந்து வந்து, “அண்ணா, நீ கேட்ல பேச மாட்டே, இங்க எவ்ளோ திட்டறே” என்று சிரிப்பான்.

டீமில் இருக்கிறவரை கேட் டூட்டி கிடையாது. காலையில் பயிற்சி, சாயங்காலம் பயிற்சி, ஆட்டம் இருந்தால் ஆட்டம். டீமிலிருந்து எடுத்துவிட்டால் மறுநாளே கேட். எனக்கு வேண்டியிருந்தது இந்த ஒன்றுதான். அந்தச் சட்டை என்மேல் இருக்கும்வரை யாரையும் நிறுத்தி எந்த வீடு என்று கேட்க வேண்டியதில்லை.

ப்ரொஃபெஷனல் என்ற வார்த்தையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்களோடு ஆடியவர்கள் வெளிநாட்டிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த வெள்ளைக்காரர்கள், பணக்காரக் கல்லூரிப் பையன்கள். அவர்கள் விளையாட்டுக்காக ஆடினார்கள், நாங்கள் தொழிலாக ஆடினோம். தொழில்காரர்கள் என்பதால் ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே யூனிபார்மோடு போய் அவர்கள் கார்களை நிறுத்த இடம் காட்டுவோம். பிறகு மரத்தடியில் யூனிபார்மைக் கழற்றி ஜெர்சி மாட்டுவோம். ஆட்டம் முடிந்ததும் மறுபடி யூனிபார்ம். என்னை மோதித் தரையில் தேய்த்தவனின் கார் ரிவர்ஸ் எடுக்க நானே விசில் ஊதியிருக்கிறேன். அவன் கண்ணாடியை இறக்கி, யாரோ ஒரு கார்டுக்குச் சொல்கிற மாதிரி தேங்க்ஸ் சொல்லிவிட்டுப் போவான். அரைமணிக்கு முன்னால் தன் தோள் முட்டிய விலா இது என்று அவனுக்கு அடையாளம் தெரியாது. தொப்பி போட்டால் நாங்கள் எல்லோரும் ஒரே ஆள்.

இப்போது சல்யூட்டுக்கு வருகிறேன்.

எங்கள் ஏஜென்சி விற்ற சரக்கே சல்யூட்தான். திருடன் வந்தால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை. சல்யூட்டைச் சொல்லித்தந்தார்கள். வலது காலை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி ஓங்கி மிதிக்க வேண்டும், விரல்கள் ஒட்டி நிற்க வேண்டும், தாடை மேலே. காருக்குள் இருப்பவர் போனைப் பார்த்துக்கொண்டு போவார். அவர் பார்க்கிறாரா என்று பார்ப்பது நம் வேலை இல்லை. இதெல்லாம் மற்றவர்களுக்கு. முதலாளியின் வெள்ளைக் காருக்குத் தனிச் சட்டம். அது கண்ணில் பட்டால் யார் எந்த நிலையில் இருந்தாலும் அடிக்க வேண்டும். ஃபீல்ட் ஆபீசர் பக்கத்தில் இருந்தால் “சாவ்தான்!” என்று ஒரு குரல் கொடுப்பார். விறைத்து நில் என்பதற்குப் பட்டாளத்தில் சொல்கிற இந்தி வார்த்தை. அவர் பட்டாளத்தில் இருந்ததில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவன் சோற்றுக்கையோடு அடித்து நெற்றியில் சாம்பார் பூசிக்கொண்டான். முதலாளி அவனைப் பாராட்டினார். பல் விளக்கிக்கொண்டிருந்த ஒருவன் அடிக்காமல் விட்டதால் வெயில் டூட்டிக்குப் போனான். நாளாக ஆக மூளையைக் கேட்காமலேயே கால் தூக்கிக்கொள்ளும். பஸ்ஸில் யாராவது சத்தம் போட்டால் எனக்கு வலது முழங்கால் துடிக்கும்.

சில வருடம் இப்படிப் போயிற்று. எனக்கு வயது நாற்பதை நெருங்கியது. இடது முழங்கால் மழை வருவதை எனக்கு முன்கூட்டிச் சொல்ல ஆரம்பித்தது. பந்தை மட்டும் நான் விடவில்லை. அந்தச் சமயத்தில் முதலாளி ஒரு புது ஆளைக் கொண்டுவந்தார். ஆறடி, ஜிம் உடம்பு, முறுக்கின மீசை. ஓடினால் மூச்சு வாங்கும். பந்து வந்தால் கண்ணை மூடுவான்.

“சல்யூட்ட பாத்தியா அவனுது? மெதிச்சான்னா கண்ணாடி ஒடையும்” என்றார் ஃபீல்ட் ஆபீசர் பெருமையாக.

“பந்து புடிப்பானா சார்?” என்றேன்.

“அத கத்துக்கலாம்டா. பர்சனாலிட்டிய கத்துக்க முடியுமா?”

அப்போது பழைய மெட்ராஸ் ரோடு பக்கம் ஒரு பெரிய டெக் பார்க்கில் செக்யூரிட்டி ஒப்பந்தம் காலியானது. அதற்குப் பொறுப்பான அதிகாரியை முதலாளி எங்கள் ஆட்டம் ஒன்றுக்கு அழைத்தார். வெள்ளைக்காரர்கள் டீமோடு ஆட்டம். அதற்கு முந்தின வாரம் எங்களை வரிசையாக நிற்க வைத்து, இந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான் டீமை மாற்றி அமைக்கப்போகிறேன், சரியில்லாதவன் திங்கட்கிழமை கேட்டில் நிற்பான் என்றார். சொல்லும்போது என் முழங்காலைப் பார்த்தார்.

வீட்டில் சொன்னேன். என் மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா. எனக்கும் சேர்த்துப் பேசக்கூடியவள்.

“தோத்தா கேட்டுக்கு அனுப்புவானா?”

“ஆமா.”

“ஜெயிச்சா?”

“ஜெயிச்சா ஆடலாம்.”

“ஜெயிச்சதுல உன் பங்கு இன்னான்னு அவனுக்குத் தெரியணுமே. அந்த ஆளு ஆட்டத்த பாக்க வர்றானா, ஆட்டத்துக்கு வர்றவங்கள பாக்க வர்றானா?”

எனக்கு அது புரியாதது இல்லை. இருந்தாலும் பந்தை விடாமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன். அந்த வயதிலும் அப்படி நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். கார்களை நிறுத்தினோம், மரத்தடியில் ஜெர்சி மாட்டினோம், ஆரம்பித்தோம். முதலாளி வரவில்லை. அதிகாரியை அழைத்துக்கொண்டு வருவார் என்றார்கள். முதல் பாதி முடிந்தது. இரண்டாவது பாதியும் முக்கால்வாசி முடிந்தது. யாருக்குக் காட்டுவதற்காக உயிரைக் கொடுத்து ஆடுகிறோமோ அவர் எங்கேயோ டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் நாலு பாயிண்ட் முன்னால் இருந்தோம். அன்றைக்கு நான் கத்தியது மாதிரி என்றைக்கும் கத்தியதில்லை. பந்து மூன்று தடவை மேலே வந்தது, மூன்றையும் பிடித்தேன்.

கடைசி நிமிடங்கள். வெள்ளைக்காரர்கள் எங்கள் கோட்டுக்கு வெகு அருகில் வந்துவிட்டார்கள். ஐந்து தடவை தடுத்துவிட்டோம். இனி உதைப்பார்கள் என்று தெரியும். உதைத்தார்கள். பந்து நேராக வானத்துக்குப் போனது. அந்த மாதிரிச் சமயத்தில் எங்கள் ஆட்கள் எல்லோரும் திரும்பி எனக்குத் துணையாக ஓடிவர வேண்டும். திரும்பினார்கள். ஓடியும் வந்தார்கள். எனக்குப் பின்னால்தான் மைதானத்தின் வாசல். அந்த நேரம் பார்த்து முதலாளியின் வெள்ளைக் கார் அந்த வாசல் வழியாக நுழைந்தது. மற்றவர்கள் மாதிரி வெளியே நிறுத்திவிட்டு நடந்து வருகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. கோட்டுக்குப் பின்னால் புல்லிலேயே ஓட்டிக்கொண்டு வந்தார்.

நான் காரைப் பார்க்கவில்லை. என் கண் பந்தில் இருந்தது. ஓரத்திலிருந்து ஃபீல்ட் ஆபீசரின் குரலைக் கேட்டேன்.

“சாவ்தான்!”

என் வலது கால் தூக்கிக்கொண்டது. பொய் சொல்லவில்லை, தரையைவிட்டு எழும்பியே விட்டது. அந்தக் கால் கீழே வருவதற்குள் பந்து வந்துவிட்டது. வயிற்றோடு அணைத்தேன். அடுத்த நொடி மூன்று பேர் ஒன்றாக வந்து மோதினார்கள். வழக்கமாக என் ஆள் இரண்டு பேராவது இடையில் விழுந்து அடியைப் பாதி வாங்கிக்கொள்வார்கள். அன்று யாரும் விழவில்லை. மூன்று பேர் பாரமும் என்மேல். விலாவுக்குள் ஏதோ நகர்ந்தது. பந்தை விடவில்லை.

எழுந்தேன். பந்தைக் காலால் பின்னுக்கு உருட்ட வேண்டும், எடுத்துக்கொள்ள ஆள் நிற்கிறானா என்று திரும்பிப் பார்த்தேன். ஒருவனும் இல்லை. இந்தப் பக்கம் பார்த்தேன். மைதானம் முழுக்க என் ஆட்கள் அங்கங்கே ஓடி நின்ற இடத்தில் விறைத்து நின்றார்கள். தாடை மேலே, விரல்கள் ஒட்டி. மான் மாதிரி ஓடும் கேப்டன் ஒரு காலைச் சேற்றில் புதைத்துக்கொண்டு சல்யூட்டில் நின்றான். மூக்கில் ரத்தம் வழிந்த ஒருவன் அதைத் துடைக்காமல் நின்றான். நடுவில் பந்தோடு நான்.

வெள்ளைக்காரர்களுக்குப் புரியவில்லை. எங்களில் யாரோ செத்துவிட்டார்கள், மரியாதை செலுத்துகிறோம் என்று நினைத்தார்களோ என்னவோ, அவர்களும் நின்றுவிட்டார்கள். பிறகு காரிலிருந்து முதலாளி இறங்குவதைப் பார்த்தார்கள். என்மேல் விழுந்த மூன்று பேரில் ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் மண்டியிட்டு உட்கார்ந்தான். இன்னொருவன் கேலியாக அவனும் ஒரு சல்யூட் அடித்தான். நடுவர் ஒரு கல்லூரி பி.டி. மாஸ்டர். விசில் ஊதுவதா வேண்டாமா என்று யோசித்து, கடைசியில் ஊதி ஆட்டத்தை முடித்துவிட்டார். ஜெயித்துவிட்டோம். அதை யாரும் கவனிக்கவில்லை.

கழுத்தில் ஐடி கார்டு தொங்க அந்த அதிகாரி இறங்கி வந்தார். கையில் போன். எல்லாவற்றையும் வீடியோ எடுத்திருந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். விளையாட்டுக்கு நடுவில்கூட இப்படி ஒரு டிசிப்ளினா, எங்கள் கேட்டில் எங்களுக்கு வேண்டியது இதுதான் என்று முதலாளியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். முதலாளி அது தினமும் நடப்பதுதான் என்கிற மாதிரி தலையை ஆட்டினார். பிறகு அதிகாரி வீடியோவைப் பெரிதாக்கிப் பார்த்து, நடுவில் குனிந்து நிற்கிற இந்த ஆள் மட்டும் ஏன் அடிக்கவில்லை, புது ஆளா என்று கேட்டார்.

முதலாளி ஃபீல்ட் ஆபீசரைப் பார்த்தார். ஃபீல்ட் ஆபீசர் என்னைப் பார்த்தார்.

“பந்து வந்துச்சு சார், அதான்...” என்றார் அவர். எனக்காக அவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை.

“பந்தா? நான் வந்துண்டிருக்கேன். கெஸ்ட் வந்துண்டிருக்கார். பந்தா?”

“தப்புதான் சார்.”

“பன்னெண்டு பேருக்குக் கண்ணு தெரியறது. இவனுக்கு மட்டும் தெரியாதா?”

அப்போது நான் பேசியிருக்க வேண்டும். முகம் எனக்கு நேரே இருந்தது, நாக்கு அடியில் போய் ஒட்டிக்கொண்டது. விலாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார். பிறகு நாங்கள் எல்லோரும் மரத்தடிக்குப் போய் யூனிபார்ம் மாட்டிக்கொண்டு கார்களை வெளியே விட்டோம். கேப்டன் என் பக்கத்தில் வந்து, “அண்ணா, கால் தானா நின்னுச்சு” என்றான். அன்று அந்தப் பன்னிரண்டு பேர்மேலும் எனக்கு இருந்தது கோபம் இல்லை. கோபம் மனிதர்கள்மேல் வருவது. அன்றைக்கு அவர்களைப் பார்த்தபோது கேட்டில் போடுகிற குறுக்குக் கட்டை ஞாபகம் வந்தது. பட்டனை அழுத்தினால் எழும்பும்.

திங்கட்கிழமை ஒன்றாம் எண் சட்டையைத் துவைத்துக் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தேன். மீசைக்காரன் போட்டுக்கொண்டான், தோளில் இறுக்கிப் பிடித்தது. டெக் பார்க் ஒப்பந்தம் ஏஜென்சிக்குக் கிடைத்தது, என்னை அங்கேயே ஒரு கேட்டில் போட்டார்கள். நல்லவேளை, அங்கே ஐடி கார்டைத் தேய்த்தால் கேட் தானாகத் திறக்கும், யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை. அதிகாரி வரும்போது சல்யூட் அடித்தேன். அது என் டூட்டி, ஒழுங்காக அடித்தேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டு போனார்.

அந்த வீடியோ பல கம்பெனிகளுக்குப் போய்விட்டது. முதலாளிக்குப் புத்தி வேலை செய்தது. அதற்குப் பிறகு எல்லா ஆட்டத்திலும் நடுவில் ஒரு தடவை கார் வரும், எல்லோரும் அடிப்பார்கள், வந்த விருந்தாளிகள் வீடியோ எடுப்பார்கள். கல்லூரிப் பையன்கள் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கார் தெரிந்ததும் பந்தை உதைத்துவிட்டு நடந்து வந்து பாயிண்ட் எடுத்தார்கள். மீசைக்காரன் சல்யூட்டில் நிற்க, பந்து அவன் முதுகுக்குப் பின்னால் விழுந்து இரண்டு துள்ளு துள்ளி நிற்குமாம். ஆட்டத்துக்கு ஆட்டம் தோற்றார்கள். முதலாளிக்கு அது பெரிதாகப் படவில்லை. ஒப்பந்தம் வந்துகொண்டிருந்தது.

பிறகு வெளிநாட்டிலிருந்து ஒரு டீம் வருவதாக ஏற்பாடாயிற்று. முதலாளி படித்த ஊர்க்காரர்கள். அவர்களுக்கு முன்னால் தோற்க அவருக்கு மனம் வரவில்லை. ஃபீல்ட் ஆபீசர் கேட்டுக்கு வந்தார். வழக்கமான ‘டா’ போய், பெங்களூர்க்காரர்கள் சிநேகிதனைக் கூப்பிடும் ‘குரு’ வந்தது.

“குரு, ஒனக்கு நல்ல காலம். சார் கூப்புடுறாரு. ஒன்னாம் நம்பர் ஒனக்குத்தான்.”

நான் தொப்பியைச் சரி செய்துகொண்டேன்.

“ஒரே ஒரு கண்டிஷன். கார் வர்றப்ப நீயும் அடிச்சிடணும். பந்து மேல இருக்கறப்ப வராம பாத்துக்கலாம்னு சார்கிட்ட நானே சொல்லிட்டேன். அவரு பாக்கலாம்னாரு. வர்ற வழில சாய்பாபா கோயில் பக்கத்துல ட்ராஃபிக் ஜாஸ்தி, எப்ப வருவார்னு நாம இன்னா சொல்றது. வந்தா அடிச்சிடு. இன்னா, சரிதானே?”

ஒரு கார் வந்தது. சல்யூட் அடித்தேன். அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தார்.

அன்றிரவு மனைவியிடம் சொன்னேன். எனக்குப் பந்து வேண்டும்தான். அந்தச் சட்டை வேண்டும்தான். பின்னால் நின்று கத்த வேண்டும் என்று தொண்டை கேட்கிறது. ஆனால் காலைத் தூக்கிக்கொண்டு பந்துக்குக் காத்திருக்க முடியாது என்றேன். இவ்வளவு நீளமாக நான் பேசி அவள் கேட்டதில்லை. சாப்பாடு போட்டாள்.

ஞாயிறு காலை ஃபீல்ட் ஆபீசர் சட்டையோடு வீட்டுக்கே வந்துவிட்டார். ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் நான் உள்ளறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். மனைவி வாசலுக்குப் போனாள்.

“எங்கம்மா ஆளு? பேகா, சீக்கிரமா வரச்சொல்லு, டைம் ஆச்சு.”

“அவரு வரல.”

“வரலையா? ஒத்துக்கினாரே!”

“எப்ப ஒத்துக்கினாரு? வாயத் தொறந்தாரா?”

“சல்யூட் அடிச்சாரேம்மா.”

“அது எவனோ கார்ல போனவனுக்கு அடிச்சது. ஒனக்கு யாரு அடிப்பா?”

ஸ்கூட்டர் எஞ்சினை அணைத்தார்.

“ஏன் வரமாட்டாராம்? காரணம் சொல்லணுமில்ல நானு.”

“பந்து புடிக்கறதுக்கு ரெண்டு கையும் வேணுமாம். ஒரு கைய ஒங்க மொதலாளிக்குக் குடுத்துட்டா பந்த எதுல புடிக்கறதுன்னு கேக்கறாரு.”

நான் அப்படிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“இத நான் அவர்கிட்ட போயி எப்டிம்மா சொல்றது?”

“சல்யூட் அடிச்சிட்டு சொல்லு.”

அவர் சட்டையை மடித்துப் பைக்குள் வைக்கும் சத்தம் கேட்டது. ஸ்கூட்டரை உதைத்தார். கிளம்பவில்லை. மறுபடி உதைத்தார். குளிர் காலத்தில் அந்த வண்டி எப்போதும் அப்படித்தான், பயிற்சி முடிந்து கிளம்பும்போது நானும் கேப்டனும் பின்னால் தள்ளிவிடுவோம். என் மனைவி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் எங்கள் வீட்டு ஜன்னலை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். நான் கதவுக்குப் பின்னாலேயே நின்றேன். இன்னும் நாலைந்து தடவை உதைத்த பிறகு அது தானாகக் கிளம்பிப் போயிற்று.